பில் திறக்கவில்லை, பணம் வரவில்லை, டவர் இல்லை: கடை கம்ப்யூட்டரில் யாரோ கை வைத்தால் எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூர் பக்கம் பனியன் யூனிட், ஜாப் ஒர்க் கம்பெனி, மொத்தக் கடை என்று சின்ன இடங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஒருவர்கூடப் போன் செய்து "எங்கள் டேட்டா திருடு போய்விட்டது" என்று சொன்னதில்லை. "அண்ணா, பில்லு ஓப்பன் ஆக மாட்டீங்குதுங்க", "பார்ட்டி பணம் போட்டாச்சுங்கறாரு, நமக்கு வரலைங்க", "காலையில இருந்து டவரே இல்லீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் இதையும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு விஷயம். எதையும் அழிக்கும் முன் செல்போனில் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பேங்க்கும் போலீஸும் பிறகு அதைத்தான் கேட்பார்கள். அப்புறம், சேதத்தைச் சரிசெய்ததோடு உட்கார்ந்துவிடாதீர்கள். எந்த வழியாக உள்ளே வந்தான் என்று பார்த்து, அதை அடைத்த பிறகுதான் பழைய டேட்டாவை ஏற்ற வேண்டும். நான் பார்த்ததில் இரண்டாம் முறை அடிவாங்கியவர்கள் எல்லாருமே இங்கேதான் அவசரப்பட்டிருந்தார்கள்.

ஃபைல் எதுவும் திறக்கவில்லை, பெயருக்குப் பின்னால் புது வால் முளைத்திருக்கிறது

கணக்கு சாஃப்ட்வேரான டேலி உங்கள் கம்பெனியைக் காட்டவில்லை. எக்செல் ஃபைலைத் தொட்டால் திறக்க மறுக்கிறது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு நோட்பேட் ஃபைல் கிடக்கிறது, அதில் பிட்காயின் கேட்டு ஒரு கடிதம். இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்.

முதல் வேலை: லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அந்த மிஷினை மட்டும் பிரித்தால் போதாது. ஷேர் ஃபோல்டர் வழியாக இணைந்திருக்கும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கையும் உருவிவிடுங்கள். பூட்டும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றால் மிஷினை அப்படியே ஓடவிடலாம், மெமரியில் தடயம் இருக்கும். கண்ணெதிரே ஒவ்வொரு ஃபைலாகப் பெயர் மாறிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். தடயம் போனாலும் மீதி ஃபைல் பிழைக்கும்.

கடிதத்தில் உள்ள ஈமெயிலுக்கு உடனே பதில் போடாதீர்கள். வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் 'நோ மோர் ரான்சம்' தளத்துக்குப் போங்கள். நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது, காசு கிடையாது. பூட்டப்பட்ட ஒரு ஃபைலையும் அந்தக் கடிதத்தையும் ஏற்றினால் எந்த வகை என்றும், சாவி இருக்கிறதா என்றும் சொல்லும். ஏற்றும் ஃபைலில் கஸ்டமர் விவரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கடைகளில் அதிகம் மாட்டுவது 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியூ' எனப்படும் குடும்பம். கிராக் செய்த சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வருவது அது. கடிதத்தின் கடைசியில் ஒரு நீளமான பெர்சனல் ஐடி இருக்கும். அது 't1' என்று முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். பூட்டும் நேரத்தில் அந்த நிரலால் தன் சர்வரைத் தொட முடியாமல் போய், பொதுவான 'ஆஃப்லைன்' சாவியைப் பயன்படுத்தியிருக்கிறது என்று அர்த்தம். எம்சிசாஃப்ட் கொடுக்கும் இலவசக் கருவியில் அந்தச் சாவி இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வந்து சேர வாய்ப்பு உண்டு. பூட்டப்பட்ட டிஸ்க்கை ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வையுங்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். 2019 ஆகஸ்ட்டுக்குப் பின் வந்த வகையாக இருந்து, ஐடியும் வேறு மாதிரி முடிந்தால், சாவி இல்லாமல் திறக்க முடியாது. "நூறு சதவீதம் எடுத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களில் சிலர் திருடனிடமே பேரம் பேசி, மேலே தங்கள் கமிஷனை வைப்பவர்கள்.

இன்னொன்று: இந்த வகை ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டும். பில், லெட்டர் போன்ற சின்ன ஃபைல்கள் முழுசாகப் போய்விடும். ஆனால் பெரிய ஜிப், வீடியோ போன்றவற்றில் மீதி உடம்பு அப்படியே இருக்கும். விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்தால் ஓரளவு தேறும்.

சரி, எப்படி வந்தான்? மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலாவது, வீட்டிலிருந்தே டேலி பார்க்க வேண்டும் என்று யாராவது ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்களா? ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் அது. உலகம் முழுக்க இந்த எண்ணைத் தட்டிப் பார்க்கவே தானியங்கி ஆட்கள் இருக்கிறார்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். அது தோற்றுப்போன நுழைவு முயற்சி. ராத்திரி இரண்டு மணிக்கு நூற்றுக்கணக்கில் 4625 வந்து, அதன் பின்னாலேயே ஒரு 4624 இருந்தால் கதவு கிடைத்துவிட்டது. 4624 என்றால் ஆள் உள்ளே போய்விட்டான். ஒரு யூனிட்டில் அந்த வாசலைத் திறந்துவைத்தவன் நானேதான். முதலாளி அவசரப்பட்டார் என்று ஒரு தீபாவளி சீசனில் திறந்தேன், மூடவில்லை. அட்மின் பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123ம். நல்லவேளையாக வந்தவன் எதையும் பூட்டுவதற்குள் லாகைப் பார்த்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் விபிஎன், அதாவது வெளியாள் நுழைய முடியாத தனிப்பாதை, போட்டுத்தான் தருகிறேன்.

இரண்டாவது, டவுன்லோட்ஸ் ஃபோல்டர். அங்கே 'கிராக்', 'கீஜென்', 'ஆக்டிவேட்டர்' என்று ஏதாவது கிடக்கிறதா? லைசென்ஸ் காசை மிச்சம் பிடித்த கதை அங்கே முடிந்திருக்கும். இப்படி வருபவை பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளைச் சுருட்டும் இன்னொரு நிரலையும் கூடவே இறக்குவது வழக்கம். அதனால் அந்த மிஷினில் யார் யார் எதற்கு லாகின் செய்தார்களோ அத்தனை பாஸ்வேர்டையும் வேறு சாதனத்திலிருந்து மாற்ற வேண்டும். மெயில் முதலில், பேங்க் அடுத்து, ஜிஎஸ்டி தளம் அதற்கடுத்து.

மூன்றாவது, அப்டேட். 2017 மே 12 அன்று வானாகிரை என்ற ரான்சம்வேர் உலகத்தைச் சுற்றியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே மருந்து கொடுத்திருந்தது. இரண்டு மாதமாக அப்டேட்டைத் தள்ளிப்போட்ட மிஷின்கள்தான் விழுந்தன. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பில் போடும் மிஷினில் இன்னும் அதுவே ஓடினால் குறைந்தபட்சம் நெட்டிலிருந்தாவது பிரித்து வையுங்கள்.

கதவை அடைத்தாயிற்றா? இப்போது டிஸ்க்கை மாற்றி, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, பேக்கப்பிலிருந்து டேட்டாவைக் கொண்டுவாருங்கள். டேலி டேட்டா 10000, 10001 என்று எண் பெயருள்ள ஃபோல்டர்களில் இருக்கும். அந்த ஃபோல்டரை முழுசாக எடுத்தால்தான் கம்பெனி வரும். கூகுள் டிரைவில் சிங்க் ஆகியிருந்தால், பூட்டப்பட்ட ஃபைலே அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் பழைய வெர்ஷன் 30 நாள் வரை இருக்கும். பெயர் மாறி, பழையது அழிக்கப்பட்டதாகக் காட்டினால் டிராஷிலும் பாருங்கள். நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பேக்கப்பே இல்லை என்றால், ஆடிட்டரிடம் கேளுங்கள். போன வருடக் கணக்கு அவரிடம் இருக்கும். விற்பனைப் பில் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் ரிட்டர்னிலேயே இருக்கிறது, பர்ச்சேஸ் விவரம் அதே தளத்தின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இருக்கிறது. இரண்டையும் வைத்து ஒரு யூனிட்டில் நான்கு மாதக் கணக்கை உட்கார்ந்து எழுதினோம். முதுகு போனாலும் கணக்கு வந்தது.

இனிமேலுக்கு இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், வாரத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றி. எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். சிஸ்டம் பூட்டப்படும்போது அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை அதை வேறு மிஷினில் ஏற்றி, நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

"பணம் போட்டுவிட்டேனே, உங்கள் புது அக்கவுண்ட்டுக்கு" என்கிறார் பார்ட்டி

எக்ஸ்போர்ட் செய்பவர்களுக்கு ரான்சம்வேரை விடப் பெரிய அடி இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் தெரியாது. யாரோ உங்கள் மெயிலிலோ பையரின் மெயிலிலோ வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்திருப்பான். இன்வாய்ஸ் எண், ஷிப்மென்ட் தேதி, நீங்கள் 'டியர் சார்' போடுவீர்களா 'ஹாய்' போடுவீர்களா என்பதுவரை அவனுக்குத் தெரியும். பணம் வரும் வாரத்தில், "ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்த அக்கவுண்ட்டுக்குப் போடுங்கள்" என்று ஒரு மெயில் போகும்.

நேரம்தான் இங்கே எல்லாம். பையரைப் போனில் பிடித்து, பணம் அனுப்பிய அவருடைய பேங்க்கிடம் ரீகால், அதாவது போன பணத்தைத் திரும்ப அழைக்கும்படி, கேட்கச் சொல்லுங்கள். அனுப்பியவர் கேட்டால்தான் அது நகரும். அமெரிக்கப் பையர் என்றால் எஃப்பிஐயின் ஐசி3 தளத்தில் அவர் புகார் போட வேண்டும். பணத்தை மறித்து நிறுத்த அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. உள்நாட்டுப் பார்ட்டி என்றால் பணம் அனுப்பியவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைக்க வேண்டும். யார் தப்பு என்று இருவரும் சண்டை போடுவதை இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

அப்புறம் அந்த மெயிலையே திறந்து, அனுப்பியவர் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நிற்கும். சின்ன எல் இருக்கும் இடத்தில் ஒன்று என்ற எண் இருக்கும். அப்படியிருந்தால் போலி முகவரி. ஆனால் உங்கள் முகவரியிலிருந்தே போயிருந்தால் அவன் உங்கள் பெட்டிக்குள் இருக்கிறான்.

ஜிமெயில் என்றால் கம்ப்யூட்டரில் திறந்து, இன்பாக்ஸின் கீழே வலது ஓரத்தில் சின்னதாக இருக்கும் 'டீடெயில்ஸ்' என்பதை அழுத்துங்கள். எந்த ஊரிலிருந்து, எந்தச் சாதனத்தில் திறந்தார்கள் என்று வரும். அடுத்து செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ்', 'ஃபார்வர்டிங்', 'அக்கவுண்ட்ஸ்' மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் விஷயம் ஃபில்டரில் இருக்கும்: பையரின் பெயரோ 'பேமென்ட்' என்ற சொல்லோ உள்ள மெயில் வந்தால் இன்பாக்ஸைத் தாண்டி ஓரமாகப் போ, அல்லது இன்னொரு முகவரிக்கும் நகல் அனுப்பு. பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால், திருடனுக்குத் தபால் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். முதலில் படம் எடுங்கள், பிறகு ஃபில்டரை அழியுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மெயிலோடு இணைந்திருக்கும் தெரியாத ஆப்களையும் நீக்குங்கள். மெர்ச்சண்டைசர், அக்கவுண்டன்ட், முதலாளி மூவரும் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்டு என்ற பழக்கம் அன்றோடு போகட்டும். ஆளுக்கொரு ஐடி கொடுங்கள்.

அக்கவுண்ட் எண் மாறினால் மெயிலை நம்பமாட்டோம், பழைய எண்ணில் போன் செய்து குரலைக் கேட்ட பிறகே போடுவோம் என்று பையரிடமும் சப்ளையரிடமும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய எண் என்றால் உங்கள் டைரியில் இருக்கும் எண். அந்த மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அடித்தால் எடுப்பது அவன்தான்.

கடை வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிட்டது, அல்லது கஸ்டமருக்குப் பணம் கேட்டு மெசேஜ் போகிறது

இரண்டும் வேறு வேறு. முழுசாக வெளியேறியிருந்தால், யாரோ ஆறு இலக்க எண்ணை உங்களிடமோ கடைப் பையனிடமோ வாங்கி, உங்கள் நம்பரைத் தன் போனில் ஏற்றியிருக்கிறான். ஆப்பை மறுபடி போட்டு உங்கள் நம்பரைக் கொடுங்கள். எஸ்எம்எஸில் வரும் எண்ணைப் போட்ட நொடியே அவன் வெளியே போய்விடுவான். அவன் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ரகசிய எண் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் பேச முடியாது.

நீங்கள் வெளியேறாமலே மெசேஜ் போகிறது என்றால் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து, தெரியாததை வெளியேற்றுங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் போனிலேயே ஆப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் ஏபிகே ஃபைல் வந்ததா, யாராவது அழுத்தினார்களா என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் உண்மை வராது. அப்படி ஏறிய ஆப் எஸ்எம்எஸைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பும். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுவிட்டு, அந்தப் போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

டவர் திடீரென்று போய்விட்டது, அல்லது கேட்காமலே ஓடிபி வந்துகொண்டே இருக்கிறது

பக்கத்தில் இருப்பவருக்கு அதே கம்பெனி சிம்மில் டவர் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், உங்கள் நம்பருக்கு வேறு சிம் போட்டிருக்கலாம். வேறு போனிலிருந்து முதலில் பேங்க்கை அழைத்து நெட் பேங்கிங்கையும் யூபிஐயையும் நிறுத்துங்கள். சிம் கம்பெனிக்கு அடுத்து பேசலாம். டவர் இருக்கிறது, ஆனால் அழைப்பே வருவதில்லை என்றால் *#21# அழுத்திப் பாருங்கள். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் காட்டும். ##002# போட்டால் திருப்பிவிட்டது எல்லாம் ரத்தாகும். கூரியர் பெயரில் பேசி, நட்சத்திரத்தில் தொடங்கும் எண்ணை அடிக்கச் சொல்வது இதற்குத்தான்.

பணம் போயிருந்தால் 1930, கூடவே பேங்க்குக்கு எழுத்தில் புகார், நேரத்தோடு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் பேங்க்கின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்து, தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் கரன்ட் அக்கவுண்ட்டுக்கு உங்கள் தலையில் விழுவது அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது உங்களுடையது, கொடுத்த பிறகு போவது பேங்க்குடையது. "நாளைக்கு நேரில் போய்க்கலாம்" என்று உட்காராமல் இருப்பதற்கு இது போதுமான காரணம்.

மவுஸ் தானாக நகர்கிறது. அல்லது திரை முழுக்க எச்சரிக்கை, ஒரு போன் நம்பர்

மவுஸ் தானாக நகர்ந்தால் நெட்டைப் பிடுங்கிவிட்டு, எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஏதாவது பின்னணியில் ஓடுகிறதா என்று பாருங்கள். நிறைய இடத்தில் சாஃப்ட்வேர் சர்வீஸ் ஆள் நிரந்தர பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருப்பார். என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்கிறேன், அந்தப் பாஸ்வேர்டு பத்துக் கடைக்கும் ஒன்றேதான். நீக்கிவிடுங்கள். தேவைப்படும்போது போட்டு, வேலை முடிந்ததும் எடுக்கலாம்.

போன் நம்பரோடு கத்தும் திரை வெறும் வெப் பக்கம். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள், திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்காதீர்கள். அந்த நம்பருக்கு அடிக்காதவரை ஒன்றும் ஆகவில்லை.

பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருப்பதும் பெரிய விஷயமில்லை. ஃபைல்கள் மறைந்து மட்டும் இருக்கும். 'ஹிடன்' ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் தெரியும். காப்பி செய்துகொண்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்து, அது செருகப்பட்ட மிஷின்களையும் ஸ்கேன் செய்யுங்கள். அடுத்த முறை ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப்பை மெயிலில் அனுப்புங்கள்.

எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் போட்டிக் கம்பெனிக்கு நம் ரேட் தெரிந்திருக்கிறது

கஸ்டமர்கள் "உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரோ கூப்பிடுகிறார்கள்" என்பதும் இதே ரகம். வைரஸைத் தேடாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் வேலையை விட்டு நின்றவர் பட்டியலை எடுங்கள். அவருடைய மெயில் ஐடி இன்னும் இருக்கிறதா, கூகுள் ஷீட் அவருடைய சொந்த ஜிமெயிலுக்கு ஷேர் ஆகியிருக்கிறதா, வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாரா, டேலி யூசர் உயிரோடு இருக்கிறதா, கடை வைஃபை பாஸ்வேர்டு மாறியதா? பத்தில் எட்டு இடத்தில் ஷீட்டிலேயே முடிந்துவிடும். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அந்த லிங்க் எத்தனை குரூப்பில் சுற்றியதோ. எடுத்தவுடன் பழைய ஆளைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். கதவைத் திறந்துவைத்தது நாமாகவும் இருக்கலாம்.

கஸ்டமர் விவரம் வெளியே போனது உறுதியானால் மூடி மறைக்கும் காலம் போய்விட்டது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், சிஸ்டம் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. இலவச எண் 1800-11-4949. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வரும்போது, யாருடைய விவரம் போனதோ அவர்களுக்கும் நீங்கள் சொல்லியாக வேண்டும். "உங்கள் பெயரும் போன் நம்பரும் இருந்த லிஸ்ட் வெளியே போயிருக்கிறது, எங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், இந்த நம்பரில் மட்டும் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று முதலில் மூன்று வரியில் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் அந்த ஷீட்டைத் திறந்து, ஷேர் பட்டனை அழுத்தி, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடுங்கள்.